புயலின் பாதை தெரிகிறது. மழையின் அளவு பிடிபடவில்லை!

2017-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ந் தேதி, திங்கட்கிழமை. மும்பையில் குளிர் எட்டிப் பார்க்கும் காலம். குடைகளைத் துடைத்துப் பரண் மேல் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்று மாலை வானம் கறுத்தது. தூறல் விழத் தொடங்கியது. "நாளை மும்பையிலும் சுற்று மாவட்டங்களிலும் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை" என்று மராட்டிய அரசு அறிவித்தது.

டிசம்பர் மாதத்தில் மழைக்காக விடுமுறையா? நகரமே வியந்தது. ஆனால் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் குமரி மாவட்டத்துக்காரர்கள் வியக்கவில்லை. அந்தப் புயலின் பெயர் அவர்களுக்கு நான்கு நாட்களுக்கு முன்பே தெரியும். ஊரில் மரங்கள் சாய்ந்ததும், மின்சாரம் போனதும், கடலுக்குப் போனவர்கள் திரும்பாததும் டெலிபோன் மூலம் வந்து சேர்ந்திருந்தன. அதே புயல்தான் கடல் வழியாக வடக்கே ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் பெயர் ஒகி.

குமரி முதல் சூரத் வரை

ஒகி பிறந்தது இலங்கைக்கு அருகே. நவம்பர் 29-ந் தேதி அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் 30-ந் தேதி காலையில் குமரிக் கடலில் புயலாக மாறிவிட்டது. இரவு தாழ்வு மண்டலம், விடிந்தால் புயல்! அத்தனை வேகம். பல நாள் தங்கல் மீன்பிடிப்புக்காக ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குப் புயல் என்ற செய்தியே எட்டவில்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டார்கள், அல்லது காணாமல் போனார்கள்.

பிறகு ஒகி லட்சத்தீவுகளைத் தாக்கியது. டிசம்பர் 2-ந் தேதி அதன் சீற்றம் உச்சத்தில் இருந்தது. காற்று மணிக்கு 150 கிலோ மீட்டருக்கு மேல் வீசியது. வடமேற்கே போன புயல், நடுக்கடலில் வளைந்து வடகிழக்கே குஜராத்தை நோக்கித் திரும்பியது. புயலில் சிக்கிய கேரள, தமிழகப் படகுகள் பல, மராட்டியக் கடற்கரையில் வந்து ஒதுங்கின.

புயல் திரும்பும் என்பதை வானிலை நிலையம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. வடக்கே போகப்போகக் கடல் நீரின் சூடு குறையும், வறண்ட காற்று உள்ளே புகும், புயல் வலுவிழக்கும் என்பதும் கணக்கில் இருந்தது. அப்படியே நடந்தது. 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்த ஒகி, டிசம்பர் 5-ந் தேதி இரவு சூரத் பக்கம் வந்தபோது வெறும் தாழ்வு நிலையாக ஓய்ந்துபோய் இருந்தது.

மும்பைக்குக் கிடைத்தது என்ன? புயல் அல்ல, குளிர் கால மழை. டிசம்பர் 6-ந் தேதி அம்பேத்கர் நினைவு நாளுக்காகத் தாதர் சிவாஜி பார்க்கில் திரண்டிருந்த மக்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். மைதானம் சேறானது. வெளியூரில் இருந்து வந்தவர்களை மாநகராட்சிப் பள்ளிகளில் தங்கவைக்க வேண்டியிருந்தது.

ஒகியின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. புயல் உருவாகும் வேகம் ஆளை ஏமாற்றலாம். ஆனால் உருவான பிறகு அது எந்தப் பக்கம் போகும் என்பதை இன்றைய விஞ்ஞானம் ஓரளவு சரியாகச் சொல்கிறது. வானத்தில் இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அரை மணிக்கு ஒரு முறை மேகப் படம் வருகிறது. புயல் நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் அகலம் உள்ளது. அத்தனை பெரிய உருவம் கண்ணில் இருந்து தப்ப முடியாது.

தப்பிப்பது வேறு ஒன்று. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு மழை? இந்தக் கேள்விக்கு முன்னால் உலகத்தின் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களும் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றத்துக்கு மும்பையை விடப் பெரிய சாட்சி இந்தியாவில் இல்லை.

73-ம் 944-ம்

2005-ம் ஆண்டு ஜூலை மாதம் 26-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. மும்பைக்கு மழை அளக்கும் பெரிய நிலையங்கள் இரண்டு. ஒன்று தென்கோடியில் உள்ள கொலாபா. கிழக்கிந்தியக் கம்பெனி 1826-ம் ஆண்டில் கட்டிய பழைய நிலையம் அது. 1841-ல் இருந்து அங்கே வானிலைக் கணக்கு எழுதி வருகிறார்கள். மற்றது விமான நிலையத்தை ஒட்டிய சாந்தாகுருஸ். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 25 கிலோ மீட்டர் தூரம்.

மறுநாள் காலை 8.30 மணி வரை 24 மணி நேரத்தில் கொலாபாவில் பெய்த மழை 73 மில்லி மீட்டர். சாந்தாகுருசில் பெய்தது 944 மில்லி மீட்டர்!

ஒரே நகரத்தில் ஒரே நாளில் பன்னிரண்டு மடங்குக்கும் கூடுதலான வித்தியாசம். சாந்தாகுருசில் அதற்கு முன்பு ஒரே நாளில் பெய்த மிகப் பெரிய மழை 1991-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி பெய்த 399 மில்லி மீட்டர். கொலாபாவில் 1974-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி 575 மில்லி மீட்டர் பெய்திருந்தது. இரண்டு சாதனைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனது அந்த ஒரு நாள் மழை.

மழை பிடித்தது பிற்பகல் 2 மணிக்கு மேல்தான். 2.30-ல் இருந்து 3.30-க்குள், ஒரே மணி நேரத்தில், 190 மில்லி மீட்டர் கொட்டியது. அந்த நேரம் பார்த்துக் கடலும் பொங்கியது. 3.50 மணிக்கு 4.48 மீட்டர் உயரத்துக்குக் கடலேற்றம். மழைத் தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டிய கடல், தண்ணீரைத் திருப்பித் தள்ளியது. விகார், பவாய் ஏரிகளில் இருந்து புறப்பட்டுத் தாராவியை ஒட்டி ஓடி மாகிம் கழிமுகத்தில் விழும் மித்தி ஆறு கரை புரண்டது. குர்லா, கலினா, தாராவி, சயான் பகுதிகள் வெள்ளக்காடாயின.

கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் வேலை செய்த குமாஸ்தாக்களுக்கு ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது வழக்கமான ஜூலை மழைதான். வடக்கே என்ன நடக்கிறது என்பது அங்கே தெரியவில்லை. புறப்பட்ட பிறகுதான் லோக்கல் ரெயில்கள் நின்றுவிட்டது தெரிந்தது. இரவெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் அதற்கு அப்பாலும் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். காருக்குள் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. மும்பையில் மட்டும் இறந்தவர்கள் 400-க்கு மேல். மாநிலம் முழுவதும் ஆயிரத்தைத் தாண்டியது. விமான நிலையத்தையே மூடினார்கள்.

அன்று வானிலை அறிக்கையே இல்லையா? இருந்தது. கொங்கணத்தில் கனமழை பெய்யும் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் வானிலைத் துறைக் கணக்கில் 64.5 மில்லி மீட்டரைத் தொட்டாலே கனமழை. 115.6-க்கு மேல் போனால் மிகக் கனமழை. 204.5-ஐத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் பெயரே கிடையாது. 944 என்பது கடைசிப் பெயரைப் போல நான்கரை மடங்கு! அந்த எண்ணை எந்தக் கம்ப்யூட்டரும் முன்கூட்டிக் கொடுக்கவில்லை.

உலைத் தண்ணீரின் கணக்கு

பாதையைச் சொல்ல முடிகிற விஞ்ஞானத்துக்கு மழையின் அளவைச் சொல்ல ஏன் முடியவில்லை?

அடுப்பில் உலை வைத்தால், எத்தனை நிமிடத்தில் கொதிக்கும் என்று வீட்டில் சமைப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் அடுத்த குமிழி பானையின் எந்த இடத்தில் கிளம்பும் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. புயலும் பருவக்காற்றும் உலையின் சூடு போன்றவை. மழை மேகம் குமிழி போன்றது.

ஒரு பெரிய மழை மேகத்தின் அகலம் ஐந்து அல்லது பத்து கிலோ மீட்டர்தான் இருக்கும். அதன் ஆயுள் ஒரு மணி, இரண்டு மணி. ஒன்று கரையும்போது பக்கத்திலேயே இன்னொன்று எழும். 2005-ல் நடந்ததும் அதுதான். அரபிக் கடலில் இருந்து ஈரக்காற்று ஓயாமல் வந்தது. மேகம் 15 கிலோ மீட்டர் உயரம் வரை எழுந்தது. ஒரு மேகம் கொட்டித் தீர்த்ததும் அதே இடத்தில் அடுத்த மேகம் எழுந்தது. மேகக் கூட்டம் தெற்கே 20 கிலோ மீட்டர் தள்ளி நின்றிருந்தால் கொலாபா மூழ்கியிருக்கும், சாந்தாகுருஸ் தப்பியிருக்கும்.

வானிலைக் கம்ப்யூட்டர் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. பல ஆண்டுகள் இந்திய வானிலைத் துறையின் உலகளாவிய கணக்கில் ஒரு கட்டத்தின் பக்கம் 12 கிலோ மீட்டராக இருந்தது. அதாவது 144 சதுர கிலோ மீட்டருக்கு ஒரே விடை. தாதர், மாட்டுங்கா, தாராவி, குர்லா, செம்பூர் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்! 2025-ம் ஆண்டு மே மாதம் கட்டத்தின் பக்கம் 6 கிலோ மீட்டராகக் குறைக்கப்பட்டது. பூனாவில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய புதிய முறை அது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 36 சதுர கிலோ மீட்டருக்கு ஒரு விடை. தாராவியின் பரப்பு இரண்டரை சதுர கிலோ மீட்டர் கூட இல்லை. பதினான்கு, பதினைந்து தாராவிகளை ஒரே கட்டத்தில் வைத்துப் போடும் கணக்கு அது.

இன்னொரு கஷ்டமும் உண்டு. மும்பைக்கு மழை வருவது கடலில் இருந்து. கடல் நடுவில் தரையில் உள்ளதைப் போல நெருக்கமாக மழைமானிகள் வைக்க முடியாது. மேல்காற்றை அளக்கும் பலூனை நாளைக்கு இரண்டு முறை, காலையும் மாலையும் பறக்கவிடுவது வழக்கம். 2005-ல் மழை வந்தது பிற்பகலில். இரண்டு பலூன்களுக்கும் நடுவே வந்து அடித்துவிட்டுப் போனது. மேகம் எழுவதை நொடிக்கு நொடி காட்டும் டாப்ளர் ராடார் அன்று மும்பையில் இல்லை. இந்தியாவின் முதல் டாப்ளர் புயல் ராடார் 2002-ம் ஆண்டில் சென்னையில் வைக்கப்பட்டது. புயல் அடிப்பது வங்கக் கடலில்தான் என்ற நினைப்பு அன்று இருந்தது.

பனி கொட்டும் நாடுகளிலும் இதே கதை

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ண வேண்டாம். பணமும் கருவியும் குவிந்து கிடக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே குளிர் காலப் புயல் மழையைக் கொட்டாது, பனியைக் கொட்டும்.

2015-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி. நியூயார்க்கில் இரண்டு அடியும் அதற்கு மேலும் பனி கொட்டும் என்று எச்சரித்தார்கள். வரலாறு காணாத பனிப்புயல் என்றார்கள். சாலைகளில் வண்டி ஓடக்கூடாது என்று தடை போட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓடும் சுரங்க ரெயிலைப் பனிக்காக முதல் முறையாக நிறுத்தினார்கள். விடிந்து பார்த்தால், நகரின் நடுவே உள்ள சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 10 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. கிழக்கே 80 கிலோ மீட்டர் தள்ளி, லாங் தீவில் விழுந்ததோ இரண்டு அடிக்கு மேல்!

புயல் வரும் என்றது பொய்யாகவில்லை. அது எதிர்பார்த்ததை விடச் சற்றுக் கிழக்கே விலகிப் போனது. கோடிக்கணக்கான மக்கள் வாழும் இடத்தில் அந்தச் சிறு விலகல் பெரிய பிழையாகிவிட்டது. பிலடெல்பியா வட்டாரத்தின் வானிலை அதிகாரி கேரி சட்கோவ்ஸ்கி, பொதுமக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

பனியின் அளவைச் சொல்வது மழையின் அளவைச் சொல்வதை விடவும் சிக்கலானது. காற்றின் வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி ஏறினால் பனி மழையாகிவிடும். தரையில் ஒன்றும் தங்காது. மேகத்தில் உள்ள தண்ணீரின் அளவு தெரிந்தாலும் போதாது. ஒரு அங்குலத் தண்ணீர் பொதுவாகப் பத்து அங்குலப் பனியாகும் என்பது பழைய கணக்கு. ஆனால் ஈரப்பனி ஐந்து அங்குலத்தில் அடங்கிவிடும். உலர்ந்த பனி இருபது அங்குலம் கூட உயரும். இமயமலையிலும் இதே தலைவலி உண்டு. மத்தியதரைக் கடல் பக்கம் இருந்து வரும் மேற்கத்திய காற்றுக் கலக்கம் எந்த நாளில் காஷ்மீரை எட்டும் என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை அடி பனி என்பதில்தான் திணறுகிறார்கள்.

தவறுக்கு யார் விலை கொடுப்பது?

வானிலை அறிக்கை இரண்டு விதமாகப் பொய்க்கலாம். வரும் என்றது வராமல் போகலாம். வராது என்றது வந்துவிடலாம். 2024-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் மும்பை இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தது. 8-ந் தேதி அதிகாலை 1 மணியில் இருந்து 7 மணி வரை சில இடங்களில் 300 மில்லி மீட்டருக்கு மேல் கொட்டியது. தூங்கி எழுந்த நகரம் தண்ணீரில் நின்றது. லோக்கல் ரெயில்கள் முடங்கின. உடனே மறுநாளைக்குச் சிவப்பு எச்சரிக்கை; பள்ளிகளுக்கு விடுமுறை. ஆனால் 9-ந் தேதி பயந்த அளவுக்கு மழை இல்லை!

இப்படிப்பட்ட நாட்களில் டீக்கடைகளில் கேலி கிளம்பும். "குடை எடுக்கச் சொன்னால் வெயில் அடிக்கும், வெயில் என்று சொன்னால் மழை கொட்டும்" என்பார்கள். கேலி செய்வது எளிது. ஆனால் தவறுக்கு உண்டான நஷ்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை.

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் மழை என்றால் ஒரு கேஷுவல் லீவு. அதுவும் இல்லாவிட்டால் அரைநாள் சம்பளம். தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்துத் தெருத்தெருவாகக் கொண்டு போய் விற்பவர் நிலை வேறு. மாவு முந்திய நாளே அரைத்தாகிவிட்டது. மழை வரும் என்று பயந்து வீட்டிலேயே இருந்தால் மாவு புளித்துப் போகும், முதலும் போகும். தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் வேலை செய்பவர்களுக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. வரும் என்று சொல்லி வராமல் போன மழைக்கு இவர்கள் ஒரு நாள் கூலியை விலையாகக் கொடுக்கிறார்கள்.

வராது என்றோ, கொஞ்சம்தான் வரும் என்றோ சொல்லி வந்துவிட்ட மழைக்கு விலை இன்னும் பெரியது. 2021-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி நள்ளிரவு கடந்த பிறகு மும்பையில் பேய் மழை பெய்தது. 18-ந் தேதி விடிவதற்குள் செம்பூர் வாஷி நாக்கா பக்கம் பாரத் நகரில், மலைச் சரிவில் இருந்த வீடுகள் மேல் மதில் சுவர் சாய்ந்தது. தூக்கத்தில் இருந்த 19 பேர் மாண்டார்கள். அறிக்கையில் வரும் நிறம் மாவட்டம் முழுமைக்கும் ஒன்றுதான். ஆபத்து வீட்டுக்கு வீடு வேறு. உயரமான மாடிக் கட்டடத்துக்கும் சரிவில் தொற்றி நிற்கும் குடிசைக்கும் ஒரே மஞ்சள் நிறம் காட்டினால் அதன் பொருள் ஒன்றாகிவிடுமா?

வானிலைக்காரர்கள் இதை அறிவார்கள். சொல்லாமல் விட்டு உயிர் போவதை விட, சொல்லிவிட்டுக் கேலிக்கு ஆளாவது மேல் என்று அவர்கள் எச்சரிக்கையின் பக்கம் சாய்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் நான்கு முறை வீணாக வேலையை விட்டவர், ஐந்தாவது முறை சொல்லைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். எச்சரிக்கையின் மதிப்பு அப்படித்தான் தேய்கிறது.

இருபது ஆண்டில் என்ன மாறியது?

2005-க்குப் பிறகு மும்பை சும்மா இருக்கவில்லை. மாதவ் சித்தளே தலைமையில் அமைந்த குழு வெள்ளத்தின் காரணங்களை ஆராய்ந்தது. கொலாபாவில் டாப்ளர் ராடார் வந்தது. 2022-ம் ஆண்டு ஜனவரியில் புறநகரில் வெராவலியில் இரண்டாவது ராடார் இயங்கத் தொடங்கியது. நகரம் முழுவதும் தானியங்கி மழைமானிகள் வைக்கப்பட்டன. எங்கே எவ்வளவு பெய்கிறது என்பதை இப்போது உடனுக்குடன் பார்க்க முடிகிறது. 2020-ம் ஆண்டு ஜூன் மாதம், எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்று கணக்கிடும் ஐ-புளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை முறையும் தொடங்கியது.

ராடார் நாளை வரும் மேகத்தைக் காட்டாது. எழுந்துவிட்ட மேகத்தைத்தான் காட்டும். ஆகவே அதனால் கிடைப்பது இரண்டு, மூன்று மணி நேரம். அந்த நேரம் குறைவு என்று தள்ளிவிட வேண்டாம். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து அழைத்துவர அது போதும். தரையில் உள்ள அரிசி மூட்டையைப் பரணில் ஏற்ற அது போதும். 2005-ல் கோட்டைப் பகுதி ஆபீஸ்களுக்கு அந்த மூன்று மணி நேரம் கிடைத்திருந்தால், எத்தனையோ பேர் தண்ணீரில் இறங்காமல் ஆபீசிலேயே தங்கியிருப்பார்கள்.

இருந்தும் இயற்கை விளையாட்டை நிறுத்தவில்லை. 2025-ம் ஆண்டு மே 26-ந் தேதி தென்மேற்குப் பருவமழை மும்பைக்கு வந்துவிட்டது. 1950-க்குப் பிறகு அத்தனை சீக்கிரம் வந்ததில்லை. அன்று 2005-ன் கதை தலைகீழாக நடந்தது. கொலாபாவில் மழை கொட்டித் தீர்த்தது. சாந்தாகுருசில் அதில் சிறு பங்குதான். ஒர்லியில் புதிதாகத் திறந்த பாதாள மெட்ரோ நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. காலையில் இருந்த எச்சரிக்கையின் நிறம் மழை பெய்யப் பெய்ய மாறிச் சிவப்பானது. 6 கிலோ மீட்டர் கட்டத்தில் கணக்குப் போடும் புதிய முறையை டெல்லியில் தொடங்கிவைத்ததும் அதே மே 26-ந் தேதிதான்!

அறிக்கையைப் படிப்பது எப்படி?

எச்சரிக்கையை ஜோதிடம் போல எண்ணிப் பலித்தது, பலிக்கவில்லை என்று பார்ப்பதில் பயன் இல்லை. அதில் எது உறுதி, எது உறுதி இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டும். சிவப்பு என்றால் எல்லாத் தெருவிலும் மழை கொட்டும் என்று பொருள் அல்ல. மாவட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் பெருமழைக்கு வாய்ப்பு மிகுதி என்பதே பொருள். அந்த இடம் குர்லாவாகவும் இருக்கலாம், போரிவலியாகவும் இருக்கலாம்.

இரண்டு மூன்று நாளுக்கு முன்னால் வரும் அறிக்கையைப் பார்த்து வேலையை விட வேண்டியது இல்லை. அது ஏற்பாடு செய்துகொள்வதற்கு. அன்று காலையில் வரும் அறிக்கையும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் உடனடி எச்சரிக்கையும்தான் கிளம்புவதா, வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும்.

மழையைப் போல அல்லாமல், முன்கூட்டியே நிமிடக் கணக்கில் தெரிந்த ஒன்று உண்டு. அது கடலேற்றம். சந்திரனையும் சூரியனையும் வைத்து ஒரு வருடத்துக்கு முன்பே கணித்து அச்சிட்டுவிடுகிறார்கள். கடல் நாலரை மீட்டர் உயரும் நாளில், அந்த நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் மும்பையின் சாக்கடைகள் தண்ணீரை வெளியேற்ற முடியாது. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லி மீட்டர் மழையைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. கடல் நீரை வெளியே நிறுத்தி உள் நீரை இறைத்துத் தள்ளும் நீரேற்று நிலையங்கள் பிறகுதான் வந்தன. கிங்ஸ் சர்க்கிள், சயான், செம்பூர் பகுதிகளுக்குப் பயன்பட வேண்டிய மாகுல் நிலையம் இடம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுபறியானது. ஆகவே இந்தப் பகுதிகளில் இருப்பவர்கள் வானிலை அறிக்கையோடு கடலேற்ற நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தண்ணீர் தேங்கும் என்பதை அது அறிக்கையை விடத் தெளிவாகச் சொல்லும்.

முதலாளிகளுக்கும் ஆபீஸ் தலைவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மழையின் அளவை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்னும்போது, தவறும் கணக்கின் நஷ்டத்தை அன்றாடக் கூலிக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் அல்ல. சிவப்பு எச்சரிக்கை நாளில் வராதவருக்குப் பாதிக் கூலியாவது கொடுக்கலாம். தாமதமாக வரும் குமாஸ்தாவுக்குச் சிவப்பு மையால் கோடு போடாமல் இருக்கலாம். முடிவை விடியற்காலை முதல் ரெயிலுக்கு முன்பே அறிவிக்கலாம். ரெயிலில் ஏறிய பிறகு வரும் விடுமுறை யாருக்கும் உதவாது.

கட்டம் 6 கிலோ மீட்டரில் இருந்து இன்னும் சிறியதாகும். ராடார்கள் கூடும். கணக்கு மேலும் திருந்தும். ஆனாலும் எந்தத் தெருவில் எத்தனை மில்லி மீட்டர் என்பது கடைசி மூன்று மணி நேரம் வரை வானத்தின் ரகசியமாகவே இருக்கும். குமரிக் கடலில் ஒகியும், மும்பையில் ஜூலை 26-ம் கற்றுக்கொடுத்தது இதுதான். அந்தக் கடைசி மூன்று மணி நேரச் செய்தி, மித்திக் கரையில் உள்ள குடிசைக்கும் செம்பூர் மலைச் சரிவில் உள்ள வீட்டுக்கும் நேரத்தோடு போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி. அதற்குச் செயற்கைக்கோள் தேவை இல்லை. கேட்பவர் நம்பும்படி சொல்லும் வாயும், சொன்னதைக் கேட்டு வேலைக்கு வராதவரைத் தண்டிக்காத மனமும் இருந்தால் போதும்.